விழும் கல்லின் வேகக் கணக்கு

20 மீட்டர் உயரத்திலிருந்து நழுவ விட்ட கல், ஈர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² எனக் கொண்டால், 2 வினாடியில் தரையைத் தொடும். தொடும் கணத்தில் அதன் திசைவேகம் என்ன? 20-ஐ 2-ஆல் வகுத்து 10 மீ/வி என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். சரியான விடை 20 மீ/வி. வகுத்துக் கிடைப்பது பயணம் முழுவதற்குமான சராசரி. வேகம் கூடிக்கொண்டே போகும் பொருளின் கடைசிக் கணத்தை அது காட்டாது.

சராசரிக்கும் கடைசி வேகத்துக்கும் உள்ள உறவை 14-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் வகுத்தனர். வில்லியம் ஹேட்ஸ்பரியின் 1335-ஆம் ஆண்டு நூலில் அந்த விதி உள்ளது: சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தூரமும், அதன் நடுக்கண வேகத்திலேயே மாறாமல் செல்லும் பொருள் அதே நேரத்தில் கடக்கும் தூரமும் சமம். ஓய்விலிருந்து கிளம்பும் பொருளுக்குச் சராசரி, கடைசி வேகத்தில் சரிபாதி. பாரிஸில் நிக்கோல் ஒரேம் இதை முக்கோணமும் செவ்வகமும் வரைந்து அழகாக நிறுவினார். விழும் பொருளுக்கு இக்கணக்கு பொருந்தும் என்று 1551-இல் எழுதியவர் ஸ்பெயின் நாட்டு டொமிங்கோ டி சோட்டோ.

இருந்தும் கலிலியோ தடுமாறினார். 1604 அக்டோபரில் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று சரியாகவே சொன்னார். அதற்கு அடிப்படையாக அவர் கொண்டதுதான் பிழை: கடந்த தூரம் எவ்வளவோ அந்த விகிதத்தில் வேகம் வளரும் என்றார். அப்படியானால், தூரம் சுழியாக இருக்கையில் வேகமும் சுழி. வேகம் இல்லாமல் தூரம் வளராது. கல் அந்தரத்திலேயே நின்றுவிடும். ஆனாலும் இந்தப் பிழைக்குக் கண்கண்ட காரணம் இருந்தது. இரு மடங்கு உயரத்திலிருந்து விழும் பாரம், தரையில் இறக்கும் முளைக்கம்பை ஏறத்தாழ இரு மடங்கு பலத்தோடு அறைகிறது. அந்த அறை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரத்தோடு நேர்விகிதத்தில் வளர்வது வேகம் அல்ல, அதன் வர்க்கம். இந்த வேறுபாடு தெளிவாக வகுக்கப்படாத காலம் அது.

சாய்தளத்தில் வெண்கல உருண்டையை உருட்டி, வழிந்த நீரை நிறுத்து நேரம் அளந்தார் கலிலியோ. 1638-இல் லெய்டனில் வெளிவந்த 'இரு புதிய அறிவியல்கள்' நூலில், வேகம் நேரத்தோடு நேர்விகிதத்தில் வளர்கிறது என்று வரையறுத்தார். நூலாசிரியரும் ஒரு காலத்தில் அந்தப் பழைய பிழையில் இருந்தவரே என்று அதில் வரும் சால்வியாட்டி என்னும் பாத்திரம் ஒப்புக்கொள்கிறது. அறிவியல் எழுத்தில் அரிதான நேர்மை இது. சீரான முடுக்கம் பற்றி அந்நூல் நிறுவும் முதல் தேற்றம் மெர்ட்டன் விதியேதான். அடுத்தடுத்த சம நேரங்களில் கல் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமைவதும் அதிலிருந்தே பெறப்படுகிறது.