பெயர்த்தெழுதுகையில் நேரும் பிழை

முதுகலை மாணவருக்குச் சுவடிப் பதிப்பு பற்றிப் பாடம் நடத்துகையில் ஒன்றைத் தவறாமல் சொல்வேன்: பிழைகளைப் பழிக்காதீர்கள், ஓர் ஏடு எவர் கைகளைக் கடந்து வந்ததென்பதைக் காட்டிக்கொடுப்பவை அவையே. எச்.ஐ.வி.யின் மரபணுத்தொகுதி குறித்து வாசித்தபோது அந்தப் பாடம்தான் நினைவுக்கு வந்தது.

நாள்தோறும் திருப்பெரும்புதூர் வழியே கல்லூரிக்குச் செல்பவன் நான். ஒரகடத்துக் கார்களைச் சுமந்த நெடிய லாரிகள் பேருந்தை மறித்து நிற்கும். (லாரி ஓட்டுநர்களுக்கென்று சாலையோரம் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பலகைகள் நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கலாம்.) இந்த நெடுஞ்சாலைக்குக் கிழக்கே சென்னை, மேற்கே வேலூர். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் அறியப்பட்ட வரலாறு இவ்விரு ஊர்களுக்கும் உரியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளரிடம் குருதி மாதிரிகள் திரட்டினார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு பெண்களுக்குத் தொற்று இருந்தது. அவர்கள் பெயரை வரலாறு குறிக்கவில்லை, குறிக்காததும் நன்றே.

அவர்கள் உடலுக்குள் ஒரு பழைய போர் நடந்துகொண்டிருந்ததை அன்று உலகில் எவரும் அறியார். 2002இல்தான் ஆன் ஷீஹி, மைக்கேல் மலிம் குழுவினர் அதைக் கண்டனர். நம் உயிரணுக்களில் 'அப்போபெக் 3ஜி' என்றொரு நொதி உண்டு. புதிதாய்ப் புறப்படும் வைரஸுக்குள் அது ஒளிந்து ஏறிக்கொள்ளும். அடுத்த உயிரணுவில் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் பெயர்த்தெழுதுகையில், 'சி' எழுத்துகளை 'யு' ஆக்கிவிடும். அதையொட்டி மறு இழை எழுதப்படும்போது 'ஜி' வரவேண்டிய இடங்களில் 'ஏ' வந்து அமரும். பிழை மலிந்தால் வைரஸ் பயனற்றுப்போகும்.

வைரஸ் வாளாவிருக்கவில்லை. 'விஃப்' என்னும் தன் புரதத்தால் அந்நொதியைப் பிடித்து, உயிரணுவின் சொந்தக் கழிவகற்றும் அமைப்பைக் கொண்டே அழிக்கிறது. குரங்கினங்களில் இந்த நொதியின் மரபணு கோடிக்கணக்கான ஆண்டுகளாக விரைந்து மாறிவந்திருக்கிறது. இந்தப் பகை எச்.ஐ.வி.யைவிட மிகப் பழையது.

எச்.ஐ.வி.யின் ஏறத்தாழ 9,700 எழுத்துகளில் 36 விழுக்காடு 'ஏ'. நான்கே எழுத்துள்ள மொழியில் இது மிகை. இந்த நொதியின் நெடுங்கால உரசலே ஒரு காரணம் என்பார் சிலர், மறுப்போரும் உளர். சுவடி படித்தவனுக்கு முன்னதே பொருத்தமாகப் படுகிறது.

விஃப் எப்போதும் வெல்வதில்லை. பல்லாண்டுகள் மருந்துண்டவர் உயிரணுக்களில் தங்கிக்கிடக்கும் வைரஸ் படிகளில் பெரும்பாலானவை சிதைந்தவை. அவற்றுள் சிலவற்றில் 'ஜி' இருந்த பல இடங்களில் 'ஏ' நிற்கிறது.