மனிதனுக்குத் தடை, மானுக்குக் கட்டாயம்: ஒரு தோட்டாவின் கதை

போரில் எதிரி மீது சுடக்கூடாதுன்னு தடை செய்த தோட்டாவை, மான் மீது சுடும்போது அதை மட்டும்தான் பயன்படுத்தணும்னு சட்டம் சொல்லுது. இங்கிலாந்துலதான். ரெண்டு விதிக்கும் காரணம் காயத்தின் மருத்துவம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

1890கள். பிரிட்டிஷ் இந்தியப் படை கையில் புது .303 ரைபிள். அதற்கு முந்தைய மார்ட்டினி-ஹென்றியின் தோட்டா தடித்த ஈயம், 11 மில்லிமீட்டருக்கு மேல். .303 வெறும் 7.7 மி.மீ., மேலே முழுக்க உலோக உறை. வேகமா பாயும், ஆனா திசுவுக்குள்ள உருமாறாம மறுபக்கம் போயிடும். 1895 சித்ரால் சண்டையில் குண்டு பட்ட பிறகும் ஆட்கள் ஓடி வர்றாங்கன்னு சிப்பாய்கள் புகார் சொன்னாங்க.

கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுதசாலை (இன்னைக்கு விமான நிலையம் இருக்கிற அதே டம்டம்). அங்க கேப்டன் பெர்ட்டி-கிளே தோட்டாவின் மூக்கில் மட்டும் உறையை எடுத்து ஈயத்தைத் திறந்து விட்டார். உடம்புக்குள்ள போனதும் முனை காளான் மாதிரி விரியும்.

அடுத்து வர்றவர் நம்ம ஆள், ஒரு சர்ஜன். ஜெர்மனியின் டூபிங்கனில் இருந்த பேராசிரியர் புரூன்ஸ், விரியும் தோட்டாவின் காயங்களைச் சோதிச்சு, கோரம்னு எழுதினார். ஆனா அவர் சோதிச்சது டம்டம் தோட்டாவை இல்ல. ஈயம் அதிகமா வெளியே தெரியும் மவுசர் வேட்டைத் தோட்டாவை. 1899 ஹேக் மாநாட்டுல பிரிட்டன் இதைச் சொல்லி வாதாடியது. எடுபடலை. தடை வந்தது. பிரிட்டன் அதை ஏற்க 1907 ஆச்சு.

இப்ப மான். 1963ல் இங்கிலாந்து, வேல்ஸுக்கு மான் சட்டம். அதுக்கு முன்னாடி ஷாட்கன் எல்லாம் வச்சு சுட்டு, காயத்தோட ஓடிப் புதரில் கிடந்து சாகிற மான்கள் நிறைய. சட்டம் போட்ட கணக்கு: குழாய் விட்டம் குறைந்தது .240 அங்குலம், குழாய் வாயில் ஆற்றல் 1,700 அடி-பவுண்டு (சுமார் 2,300 ஜூல்), தோட்டா மென்முனையோ குழிமுனையோ இருந்தே ஆகணும். முயல் சுடும் சாதாரண .22 ரிம்ஃபயருக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூட கிடையாது. .243 வின்செஸ்டர் அங்கே பிரபலமானதுக்கு ஒரு காரணம், அது கோட்டை மயிரிழையில் தாண்டுறதுதான். ஸ்காட்லாந்து 1985ல் தோட்டாவின் எடை, வேகம் ரெண்டையும் விதியில் சேர்த்தது.

முரண்பாடா தெரியுதா? சிப்பாயைக் களத்திலிருந்து விலக்கினா போதும். பிறகு அவனை நாங்க மேஜையில போட்டுக் காப்பாத்தணும். மானுக்கு மேஜை இல்ல. சீக்கிரம் சாகிறதுதான் அதுக்குக் கிடைக்கிற ஒரே நிவாரணம்.

எனக்கு இடிக்கிறது வேற. இங்கிலாந்துச் சட்டம் ஆற்றலை அளப்பது குழாய் வாயில். மான் நிற்கிறது தூரத்துல. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; வேகம் 30 சதவீதம் குறைஞ்சா ஆற்றல் பாதியாயிடும். இன்னொண்ணு, பல மென்முனைத் தோட்டாக்கள் நொடிக்கு சுமார் 550 மீட்டருக்குக் கீழே சரியா விரியாது. அந்தத் தூரத்துக்கு அப்பால் சட்டப்படி சரியான தோட்டாவும் சித்ரால்ல போன தோட்டா மாதிரி துளைச்சிட்டுப் போகும். எத்தனை மீட்டர் வரை சுடலாம்னு சட்டத்துல ஒரு வரி கிடையாது. அது சுடுறவர் மனசாட்சிக்கு விட்ட விஷயம்.

சரியா நுரையீரல்ல பட்டாலும் மான் உடனே விழாது. ரத்த அழுத்தம் சரிஞ்சு மூளை அணைய பத்துப் பதினைந்து நொடி ஆகும், அதுக்குள்ள நூறு மீட்டர்கூட ஓடிடும். அதனால முதல்ல தரையைத்தான் பார்க்கிறாங்க. நுரை கலந்த பளிச் சிவப்புன்னா நுரையீரல், பக்கத்துலயே கிடைக்கும். பழுப்பா, இரைத் துணுக்கோட இருந்தா வயிறு. அப்ப உடனே துரத்த மாட்டாங்க. சில மணி நேரம் காத்திருந்து, மோப்ப நாயைக் கூட்டிட்டுப் போவாங்க.