அந்தக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார்?

1937-ல் கணவரை இழந்தபோது லலிதாவுக்கு 18 வயது. கையில் நான்கு மாதப் பெண் குழந்தை, சியாமளா. அன்றைய வழக்கப்படி அவர் வீட்டு மூலையில் முடங்கியிருக்க வேண்டும். தந்தை பப்பு சுப்பாராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி, மகளை அங்கேயே சேர்த்தார். 1943-ல் லலிதா மின்பொறியாளர் ஆனார்.

இதுவரை பலரும் எழுதிவிட்டார்கள். அடுத்து அவர் வேலை தேடிய விதம்தான் எனக்கு முக்கியம். முதல் வேலை சிம்லாவில். அங்கே சகோதரர் குடும்பம் இருந்தது. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்தார். அங்கே இன்னொரு சகோதரர். பக்ரா நங்கல் அணைக்கான மின்பணிகளில் லலிதா உழைத்த காலத்தில், சியாமளாவை வளர்ப்பதில் சகோதரரின் மனைவி துணை நின்றார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கு லலிதா போனதில் அந்த அம்மாளுக்கும் பங்குண்டு. வரலாறு அவர் பெயரைச் சொல்வதில்லை.

வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையிலான இதே முடிச்சைக் கம்ப்யூட்டர் உலகில் வேறு விதமாக அவிழ்த்தவர் ஸ்டெபனி ஷெர்லி. 1962-ல் ஆறு பவுண்டு முதலீட்டில் இங்கிலாந்தில் மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்ட பெண்களைத் தேடிப் பிடித்து, வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுத வைத்தார். நிறுவனத்தின் முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான மென்பொருள் அவர்கள் எழுதியது. ஷெர்லியின் மகன் ஜைல்ஸுக்கு ஆட்டிசம் இருந்தது. பராமரிப்பின் பாரம் அவருக்கு ஏட்டறிவு அல்ல.

லலிதாவுக்காகக் குடும்பம் வளைந்து கொடுத்தது. ஷெர்லி வேலையையே வளைத்தார்.

பெங்களூரில், காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளி மாதிரியான பகுதிகளில் இன்றும் வளைவது குடும்பம்தான். மகளோ மருமகளோ கம்பெனி வேனில் ஏறியதும் பிள்ளை பாட்டியின் இடுப்புக்கு வருகிறது. மூட்டுவலிக்காரப் பாட்டியிடம் "முடியுமா அம்மா?" என்று கேட்காமலே அந்த ஏற்பாடு நடக்கிறது. அன்பின் பெயரால் வாங்கினாலும் அது உழைப்பு. கேட்டுப் பெற வேண்டியது, மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

பாட்டிக்கு முடியாவிட்டால் வேறு வழி உண்டு. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது 2017-ன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். வேலையில் சேரும் பெண்கள் சம்பளத்தோடு இதையும் கேட்க வேண்டும். ஆண்களும் கேட்க வேண்டும், பிள்ளை அவர்களுடையதும்தான்.