உலக்கைப் பிடி

வாலிப வயதில் நாகர்கோவிலில் ஒரு கிளப்பில் முதன்முதலாகப் பில்லியர்ட்ஸ் கோலைக் கையிலெடுத்தேன். பின்னால் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார்.

"தம்பி, அது உலக்கையில்லே. கோழிமுட்டையைப் பிடிக்க மாதிரிப் பிடியும்."

ஆட்டத்தின் சூட்சுமமே அந்தப் பிடியில்தான் இருக்கிறது. பின்கை விரல்கள் கோலை ஏந்த வேண்டும், இறுக்கக் கூடாது. முழங்கைக்குக் கீழே மட்டும் கை ஊஞ்சல்போல் ஆட வேண்டும். இறுக்கினால் கோல் நுனி துள்ளும், பந்து வழி தவறும். 1927 முதல் 1946 வரை ஸ்நூக்கர் உலகப் பட்டத்தை வேறெவரும் தொட விடாத ஜோ டேவிஸ், கோல் மோவாயில் உரசக் குனிந்து நிற்பார். வலக்கண் பார்வை மோசம். ஆகவே கோல் இடக்கண்ணுக்கு நேர் கீழே ஓடும். குறையையே முறையாக்கிக்கொண்ட மனிதர்!

அந்த ஸ்நூக்கர் பிறந்தது நம் தேசத்தில். 1875-ல் ஜபல்பூர் ராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற துரை ஆரம்பித்தார். (பிற்காலத்துப் பிரதம மந்திரி வேறு ஆள்.) 1882-ல் அதன் விதிகள் உதகமண்டலம் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. அங்கே நம்மவர் கோலைத் துடைத்துக் கொடுக்கலாம், துரைமாரின் புள்ளிகளைக் குறிக்கலாம். குனிந்து அடிக்க முடியாது. மார்க்கர் என்று பெயர்.

எழுபத்தாறு வருஷங்கள் கழித்து, 1958-ல், கல்கத்தாவில், ஸ்நூக்கருக்கு மூத்த ஆட்டமான பில்லியர்ட்ஸில், புனாக்காரர் வில்ஸன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1964-ல் நியூஸிலாந்தில் மறுபடியும்.

பெரியவர் என்றேனே, அவரும் மார்க்கர்தான். மெம்பர்கள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு ஆடுவாராம். என் கையிலிருந்து கோலை வாங்கினார். ஒரே அடியில் சிவப்புப் பந்து பாக்கெட்டில். நான் இன்றைக்கும் உலக்கைதான் பிடிக்கிறேன்.