நான்கு நிமிடத்தில் சாண்டியாகோ

1947 ஆகஸ்ட் 2, மாலை 5.41 மணி. சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோவில் உள்ள லாஸ் செரில்லோஸ் விமான நிலையம். அங்கே பணியில் இருந்த விமானப்படை ஊழியர் ஒருவருக்கு மோர்ஸ் குறியீட்டில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியது ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் பயணிகள் விமானம். 5.45-க்கு சாண்டியாகோ வந்து சேருவோம் என்பது செய்தி. அதுவரை குழப்பமில்லை. கடைசியில் மட்டும் ஒரு விசித்திரமான சொல்: ‘ஸ்டெண்டெக்’. என்ன அது என்று கேட்டார். அதே சொல் இன்னும் இரண்டு முறை வந்தது, உரக்க, தெளிவாக, ஆனால் படுவேகமாக. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. 5.45 ஆயிற்று, இருட்டியும் விட்டது, விமானம் வரவில்லை.

அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸிலிருந்து பிற்பகல் 1.46-க்குப் புறப்பட்ட விமானம் அது. வழியில் ஆண்டீஸ் மலைத்தொடர். நமக்கு ஆகஸ்ட் என்றால் ஆடி, ஆவணி. அங்கே நடுக்குளிர்காலம், மலை முழுக்கப் பனி. விமானத்தின் வகை லங்காஸ்ட்ரியன். உலகப் போரில் ஜெர்மன் நகரங்களைத் தகர்த்த லங்காஸ்டர் விமானத்தில் குண்டுகளுக்குப் பதில் இருக்கைகளைப் போட்டால் லங்காஸ்ட்ரியன், அவ்வளவுதான். ஓட்டியவர்களும் போரிலிருந்து வந்தவர்களே. கேப்டன் ரெஜினால்டு குக் பதக்கங்கள் வாங்கிய விமானப்படை வீரர். ‘பிரிட்டிஷ் தென் அமெரிக்க ஏர்வேஸ்’ என்ற அந்தக் கம்பெனியை நடத்திய டான் பென்னட்டும், போரில் குண்டுவீச்சு விமானங்களுக்கு இலக்கைக் காட்டிக்கொடுக்கும் படையின் தளபதியாக இருந்தவர்.

ஊழியர்கள் 5 பேர், பயணிகள் 6 பேர். இந்த ஆறு பேரின் கதையை ஒரு துப்பறியும் நாவலாசிரியர் எழுதியிருந்தால், ‘இவ்வளவு மசாலா வேண்டாமே’ என்று பதிப்பாசிரியர் வெட்டியிருப்பார். ஒருவர் பிரிட்டிஷ் அரசின் ரகசியக் கடிதங்களைத் தூதரகங்களுக்குக் கையோடு கொண்டுபோகும் ‘அரசரின் தூதர்’. ஒரு மூதாட்டி கணவரின் அஸ்தியோடு சிலிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஜெர்மானியர். ஒரு பாலஸ்தீன வியாபாரியின் கோட்டு உள்துணியில் வைரம் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது என்று சொல்லப்பட்டது.

சிலியும் அர்ஜென்டினாவும் விமானங்களை அனுப்பித் தேடின. பென்னட் தன் பொறுப்பில் தனியாக ஐந்து நாள் தேடுதல் நடத்தினார். வீட்டில் ரேடியோ வைத்திருந்த ஒருவர், உதவி கேட்கும் சமிக்ஞை மெலிதாகக் கேட்டது என்று சொல்ல, பிழைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை கொஞ்ச நாள் ஓடியது. மலையில் ஒரு திருகாணிகூடக் கிடைக்கவில்லை.

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. அன்றைய அர்ஜென்டினாவில் ஆட்சி பெரோனுடையது. பிரிட்டனோடு உறவு கசந்திருந்தது. தப்பி ஓடிவந்த நாஜிகளுக்கு அந்த நாடு புகலிடமாகவும் இருந்தது. இந்தச் சூழலில் பிரிட்டிஷ் அரசின் கடிதப்பையோடு ஒரு தூதர் காணாமல் போனால் ஜனங்கள் என்ன பேசுவார்கள்? கடிதங்களை அழிக்கத்தான் குண்டு வைத்தார்கள் என்றார்கள். வைரத்துக்காகக் கடத்தினார்கள் என்று சொல்லவும் ஆள் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. 1948 ஜனவரி 30 அன்று அதே கம்பெனியின் ‘ஸ்டார் டைகர்’ 31 பேரோடு பெர்முடாவை நெருங்கும்போது மறைந்தது. 1949 ஜனவரி 17 அன்று ‘ஸ்டார் ஏரியல்’ 20 பேரோடு பெர்முடாவிலிருந்து ஜமைக்கா போகும் வழியில் மறைந்தது. ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று விமானங்கள், மூன்றின் பெயரிலும் ‘நட்சத்திரம்’. (கம்பெனி தன் எல்லா விமானங்களுக்கும் அப்படித்தான் பெயர் வைத்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.) பின்னாளில் பறக்கும் தட்டுக் கூட்டம் வந்து சேர்ந்துகொண்டது. ஸ்டெண்டெக் வேற்றுக்கிரகத் தொடர்பின் அடையாளம் என்று நம்பினார்கள். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 1970-களில் வந்த பறக்கும் தட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்தார்கள்.

பறக்கும் தட்டை நம்பாதவர்களையும் அந்த ஏழு எழுத்து விடவில்லை. எழுத்துகளை இடம் மாற்றினால் ‘இறக்கம்’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் வருகிறது. விமானத்துக்குள் காற்றழுத்த வசதி கிடையாது, ஆக்சிஜன் குறைந்து ரேடியோக்காரருக்குப் புத்தி தடுமாறியிருக்கலாம் என்றார்கள். தடுமாறுகிறவர் மூன்று முறையும் ஒரே மாதிரியா தடுமாறுவார்? ஒவ்வொரு எழுத்தும் ஒரு சொல்லின் முதலெழுத்து, சேர்த்தால் அது ஓர் அபாயச் செய்தி என்றார்கள். ஆபத்தில் இருப்பவர் விடுகதை போடமாட்டார்.

இருப்பதில் கெட்டிக்காரத்தனமான விளக்கம் மோர்ஸ் தெரிந்தவர்களுடையது. மோர்ஸில் எழுத்துகள் புள்ளியும் கோடும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளிதான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. ஸ்டெண்டெக்கின் புள்ளி கோடுகளை வரிசை மாற்றாமல் இடைவெளியை மட்டும் மாற்றினால் ‘எஸ்சிடிஐ ஏஆர்’ என்று வருகிறது. எஸ்சிடிஐ என்பது லாஸ் செரில்லோஸ் நிலையத்தின் குறியீடு. ஏஆர் என்றால் ‘செய்தி முடிந்தது’. நானும் தாளில் போட்டுப் பார்த்தேன், ஒரு புள்ளி பிசகவில்லை. ஆனால் ஒரு நெருடல். தான் உட்கார்ந்திருக்கும் நிலையத்தின் குறியீடே மூன்று தடவை வந்தும் அந்த ஊழியருக்கு எப்படிப் பிடிபடாமல் போயிற்று?

ஐம்பது வருஷம் கழித்து விடை மலையிலிருந்தே இறங்கி வந்தது. 1998-இல் அர்ஜென்டின மலையேறிகள் இருவர், துப்புங்காதோ சிகரத்தின் பனிப்பாறையில், சுமார் 4,600 மீட்டர் உயரத்தில், ஒரு ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பார்த்தார்கள். சுற்றிலும் நெளிந்த தகரம், துணிக் கந்தல். சாண்டியாகோவிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2000-இல் அர்ஜென்டின ராணுவம் மேலே ஏறியது. மனித உடல்களின் பாகங்கள் கிடைத்தன. ஒரு சக்கரத்தில் காற்றுகூட இறங்கியிருக்கவில்லை.

குண்டு வெடித்திருந்தால் துண்டுகள் மலையெங்கும் சிதறியிருக்கும். இங்கே எல்லாம் ஒரே வட்டாரத்தில் கிடந்தன. மோதும்போது விசிறி வழக்கமான வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது அதன் வளைவில் தெரிந்தது. சக்கரங்கள் உள்ளேதான் மடங்கியிருந்தன. ஆக, எந்தக் கோளாறும் இல்லாத விமானம், தரையிறங்க ஆயத்தம்கூடச் செய்யாமல், பனிச்சரிவில் நேராகப் போய் மோதியிருக்கிறது. மோதிய அதிர்ச்சியில் மேலிருந்து பனி சரிந்து மூடியிருக்க வேண்டும். தேடி வந்தவர்கள் தலைக்கு மேலேயே பறந்திருந்தாலும் வெள்ளையைத் தவிர ஒன்றும் கண்ணில் பட்டிருக்காது. மூடிய பனி நாளடைவில் இறுகிப் பனிப்பாறையாயிற்று. பனிப்பாறை தன் கனத்தாலேயே மெல்லக் கீழே நகரும். வயிற்றில் விமானத்தோடு அரை நூற்றாண்டு நகர்ந்து, வெயில் படும் இடத்துக்கு வந்ததும் உருகி வெளியே விட்டது.

சரி, 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்கள் நான்கு நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று ஏன் சொன்னார்கள்? காரணம் காற்று. மேகம் அடர்ந்த அந்த மாலையில் குக் விமானத்தை 24,000 அடிக்கு ஏற்றினார். ஆண்டீஸின் எந்தச் சிகரமும் எட்டாத உயரம் அது. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே மணிக்கு நூறு மைலுக்கு மேல் அடிக்கக்கூடிய ஒரு காற்றோட்டம் உண்டு. ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் போர்க்காலத்தில் அதில் சிக்கித் திணறியிருந்தார்கள். ஆனால் அவ்வளவு உயரத்தில் பயணிகள் விமானங்கள் அன்று அபூர்வம். 1947-இல் பெரும்பாலான விமானிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஸ்டார் டஸ்ட் மேற்கு நோக்கி, அந்தக் காற்றின் வாய்க்குள் பறந்தது. விமானத்தில் இருந்த மானி காட்டியது காற்றுக்குள் விமானம் போகும் வேகத்தை. தரையில் எவ்வளவு தூரம் கடந்தோம் என்பதை அது காட்டாது. கீழே மேகம் மூடியிருந்ததால் தரையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளவும் வழியில்லை. வேகத்தை நேரத்தால் பெருக்கினார்கள், மலையைத் தாண்டிவிட்டோம் என்று கணக்கு வந்தது, இறங்கினார்கள். மேகத்துக்குள் துப்புங்காதோ நின்றுகொண்டிருந்தது.

ஐம்பது வருஷமும் எல்லோரும் அந்தச் செய்தியின் கடைசிச் சொல்லையே குடைந்தார்கள். துப்போ அதற்கு முன்னால் இருந்தது. 5.45 என்ற எண்ணில், யாருக்கும் சந்தேகமே வராத அந்தப் பாகத்தில். மணிக்கு 500 கிலோமீட்டரைத் தொடவே சிரமப்படும் விமானம் நான்கு நிமிடத்தில் 80 கிலோமீட்டர் போக முடியாது என்பது நமக்குச் சுலபமான கணக்கு. ஆனால் நாம் இடம் தெரிந்த பிறகு போடுகிறோம். அன்று அதைக் கேட்டவர் 5.41-க்கு ஏன் சந்தேகப்படப் போகிறார்?

2000-இல் வெளியான அர்ஜென்டின விமானப்படையின் விசாரணை, குக்கின் மீது பழியில்லை என்றது. 2002-இல் மரபணுச் சோதனை மூலம் இறந்தவர்களில் ஐந்து பிரிட்டிஷ்காரர்கள் அடையாளம் காணப்பட்டார்கள். ஸ்டெண்டெக் ஆசாமிகள் அசரவில்லை. இந்தக் கதையை பிபிசி தொலைக்காட்சி 2000-இல் ஒளிபரப்பியபோது, அந்தச் சொல்லுக்குத் தங்கள் தங்கள் விளக்கத்தோடு ஏராளமான நேயர்கள் எழுதினார்கள்.

ஸ்டார் டைகருக்கும் ஸ்டார் ஏரியலுக்கும் இப்படி ஒரு பனிப்பாறை வாய்க்கவில்லை. அவை விழுந்தது கடலில். இரண்டிலிருந்தும் இன்றுவரை ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. நாசவேலைதான் என்று பென்னட் சாதித்ததையும், பெர்முடா முக்கோணம் என்ற வியாபாரம் அங்கிருந்து எப்படிச் செழித்தது என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.