கிள்ளான் பள்ளத்தாக்கின் மேல் அயனிமண்டலம்

புவிக்காந்தப் புலம் மாறும்போது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலம் அதை உணர்கிறது. கிள்ளானின் பிற்பகல் இடிமழையில் இதற்குப் பங்கில்லை; அது கீழடுக்கின் வெப்பமும் ஈரமும் செய்யும் வேலை.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே உள்ளது. காந்த நடுக்கோடோ இன்னும் வடக்கே, தென் தாய்லாந்து வழியே செல்கிறது. அங்கே புலக்கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கின்றன. பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் அவற்றோடு சேர்ந்து எலக்ட்ரான்களையும் அயனிகளையும் மேலே தூக்க, அவை நீரூற்றுபோல் இருபுறமும் வழிந்து சுமார் 15 பாகை காந்த அகலாங்கில் குவிகின்றன. பொழுது சாய்ந்ததும் இந்தத் தூக்கல் வலுத்து, அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகள் எழும்பலாம். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இது மிகுதி. குமிழிகளினூடே வரும் ஜிபிஎஸ் அலைகள் தடுமாறும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் கடை தேடுபவருக்கு அது பெரும்பாலும் தெரியாது; சென்டிமீட்டர் துல்லியம் வேண்டும் நில அளவையாளருக்குத் தலைவலி.

புவிக்காந்தப் புலம் குலையும் காந்தப் புயலில் துருவ மேல்வளி சூடேறி விரிகிறது. 2022 பிப்ரவரியில் மிதமான புயலே புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது. இத்தகைய புயல் கிளப்பும் காற்று நடுக்கோட்டு மின்புலத்தைத் திருப்பிவிட்டால், அன்றிரவு குமிழிகளே எழாமலும் போகலாம். பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இவ்வயனிமண்டலம் ஆராயப்படுகிறது.