சப்பிரகமுவத் தோட்டத் தமிழரும் தேர்தல் தொகுதிகளும்

மக்களாட்சி முறையில் வாக்குச் சீட்டு எத்துணை முக்கியமோ அத்துணை முக்கியமானது தொகுதியின் எல்லைக்கோடு. வாக்கு ஒருவனுக்குக் குரலைத் தருகின்றது. அக்குரல் சபையிற் கேட்குமா என்பதைத் தொகுதியின் வரையறை தீர்மானிக்கின்றது. இவ்வுண்மையை இலங்கையில் மிகக் கசப்பாக உணர்ந்தோர் மலையகத் தமிழர். அவர்தம் அரசியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நுவரெலியா, அற்றன், பதுளை ஆகிய பகுதிகளையே மையமாகக் கொள்வர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணத் தோட்டங்களின் வரலாறு அதனின்றும் வேறுபட்டது. அவ்வேறுபாட்டைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

சப்பிரகமுவத் தோட்டங்களிற் பெரும்பகுதி இறப்பர்த் தோட்டங்கள். பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலைப் பக்கங்களில் தேயிலை உண்டெனினும், களனி கங்கையின் மேற்பள்ளத்தாக்கிலும் கேகாலைக் குன்றுகளிலும் இறப்பரே மிகுதி. தேயிலைக்கு வேண்டுமளவு தொழிலாளர் இறப்பருக்கு வேண்டுவதில்லை. ஆகவே இங்குத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு தீவுகள் போலச் சிதறிக் கிடந்தன. நுவரெலியாவிற் போலத் தொழிலாளர் திரண்டு பெரும்பான்மையாக வாழும் நிலை இங்கு ஏற்படவில்லை. இந்தப் புவியியல் உண்மையே பின்னர் அரசியல் விதியாகவும் மாறிற்று.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை அளித்தது. எனினும் இந்திய வம்சாவளியினர் நிரந்தர வதிவை நிறுவவேண்டும் என்ற நிபந்தனை அவர்களிற் பலரை வாக்காளர் இடாப்புக்கு வெளியே நிறுத்தியது. அவ்வாண்டு அரசாங்க சபைக்கு அற்றனிலிருந்து பெரி. சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் சென்றனர். சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு அத்தகைய ஆசனம் வாய்க்கவில்லை. 1936இல் ருவன்வெலத் தொகுதியில் வெற்றி பெற்றவர் சமசமாசக் கட்சியின் கலாநிதி என். எம். பெரேரா.

1946ஆம் ஆண்டு கேகாலை மாவட்டத்தில் நிகழ்ந்த ஒரு போராட்டம் இவ்விடத்து நினைவுகூரற்பாலது. உந்துகொடைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டம், தொழிலாளர் வழக்கில் உருளவள்ளி எனப்பட்டது. கிராம விரிவாக்கத்தின் பொருட்டு அரசாங்கம் அதனைச் சுவீகரித்தது. தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். இலங்கை இந்தியன் காங்கிரசின் அழைப்பில் வேலைநிறுத்தம் பிற தோட்டங்களுக்கும் பரவிற்று. அத்துமீறற் குற்றம் சாட்டி வழக்குகள் தொடரப்பட்டன. அவற்றின் வழிவந்த மேன்முறையீடொன்றில் 1950இல் இலண்டன் கோமறைக் கழகம் தொழிலாளர் பக்கமே தீர்ப்பளித்தது. நிலமற்றோர்க்கு நிலம் வழங்குதல் நற்செயலே. ஆயின் பல்லாண்டு உழைத்தோரை அகற்றி அது நிறைவேற்றப்படுங்கால், கிராமத்து வறியோரும் தோட்டத்து வறியோரும் பகைவராக்கப்படுகின்றனர். பின்வந்த சட்டங்களின் முன்னறிகுறி உருளவள்ளியிலேயே தென்பட்டது எனலாம்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசு 7 ஆசனங்களை வென்றது. சௌ. தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் பாராளுமன்றம் புகுந்தனர். அவ்வேழில் ஒன்றேனும் சப்பிரகமுவவிலிருந்து கிடைத்ததன்று. ஆயினும் இம்மாகாணத் தோட்ட வாக்குகள் வீணாயின என்று கொள்ளலாகாது. தமக்கெனத் தொகுதியில்லாத இடங்களில் அவை பொதுவாக இடதுசாரிகளுக்கே துணைநின்றன. ருவன்வெலவில் என். எம். பெரேராவும் தெகியோவிட்டவில் ரெஜினோல்ட் பெரேராவும் வென்றனர். தமிழ்த் தொழிலாளியின் வாக்குச் சிங்கள இடதுசாரியைச் சபைக்கு அனுப்பிய அந்நிலை ஆளுங்கட்சியினர்க்கு அச்சத்தை விளைத்ததில் வியப்பில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அடுத்தடுத்து வந்தன. குடியுரிமையற்றோர் வாக்குரிமையும் இழந்தனர். இதனை எதிர்த்த புகழ்பெற்ற வழக்கு ருவன்வெலத் தொகுதி வாக்காளர் இடாப்பிலிருந்தே தோன்றியது என்பது பலர் அறியாத செய்தி. கோடகன் பிள்ளை என்பார் தம் பெயரை இடாப்பிற் சேர்க்குமாறு கோரினார். எந்தச் சமூகத்துக்கும் பிறர்க்கில்லாத குறையை விதிக்கலாகாது என்னும் சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவே அவர்தம் வாதத்தின் அச்சாணி. மீளாய்வு அலுவலர் கோரிக்கையை ஏற்றார்; உயர்நீதிமன்றம் 1951இல் அதனை நீக்கியது; 1953இல் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் குடிகள் யாரென வரையறுத்தல் ஒரு நாட்டின் இயல்பான உரிமை என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் சொல் பொதுவாயிருந்தது. அதன் சுமை ஒரு சமூகத்தின் தோளிலேயே விழுந்தது. சொல்லை நோக்கிய நீதிமன்றம் சுமையைப் போதிய அளவு நோக்கவில்லை என்றே கூறவேண்டியுளது.

இதனினும் விந்தையானது தொகுதி நிர்ணயம். 1959ஆம் ஆண்டின் தொகுதிப் பங்கீட்டில் நாடற்றோரும் சனத்தொகையிற் சேர்த்தே எண்ணப்பட்டனர். அவர்களால் மலைப்பிரதேசத்துக்கு ஆசனங்கள் பெருகின. அவ்வாசனங்களைத் தெரிவு செய்யும் உரிமையோ அவர்களுக்கில்லை. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணித் தென் மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபையில் மிகை இடங்களை ஈந்தது. அடிமைக்கு வாக்கில்லை, அவன் தலையெண்ணிக்கை ஆண்டானின் வலிமையாயிற்று. இரு நிலைமைகளும் ஒன்றல்ல. எனினும் எண்ணப்படுவோர் வேறு, கேட்கப்படுவோர் வேறு என்னும் நியாயம் ஒன்றே.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. தலைமன்னார்க் கப்பலேறிய குடும்பங்களாற் சப்பிரகமுவத் தோட்ட லயன்களும் வெறுமையுற்றன. எஞ்சியோரின் நாடற்ற நிலை 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாற் படிப்படியாக நீங்கிற்று.

1978 அரசியலமைப்பின் விகிதாசார முறை மாவட்டம் முழுவதையும் ஒரே தேர்தற் களமாக்கியது. சிதறிய வாக்குகள் ஒன்றுசேர இது வழிவகுத்தது. முதலில் எட்டிலொரு பங்காயிருந்த வெட்டுப்புள்ளி 1988இல் இருபதிலொரு பங்காகக் குறைக்கப்பட்டமையும் சிறுபான்மையினர்க்கு நலமே. ஆயினும் தனித்து நிற்பதா, பெருங்கட்சிப் பட்டியலில் இணைவதா என்ற வினா எஞ்சியது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் இரத்தினபுரி மாவட்டத்திற் போட்டியிட்ட சுந்தரலிங்கம் பிரதீப், இலட்சத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகளுடன் தெரிவாகிப் பிரதி அமைச்சருமானார். சிங்கள வாக்காளரின் ஆதரவின்றி இது கைகூடியிராது. 1947இல் தோட்டத்து வாக்குக் கிராமத்து வேட்பாளனைச் சபைக்கு அனுப்பியது. 2024இல் கிராமத்து வாக்கும் சேர்ந்து தோட்டத்தவனை அனுப்பியது.

இவ்வெற்றி ஒன்றினால் லயன் அறைகளும் காணியுரிமையின்மையும் மறைந்துவிடா. சிதறி வாழும் சமூகத்துக்கு எண்ணிக்கை மட்டும் அரணாகாது. அயலவனின் நல்லெண்ணமும் சட்டத்தின் காவலும் ஒருங்கே வேண்டும். அவ்விரண்டில் ஒன்றை உருளவள்ளியிலும் மற்றொன்றை ருவன்வெலவிலும் இழந்த மக்களுக்கு இப்பாடத்தைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.